பழைய கதைக்குப் புது உருவம்: வாசகர் கேள்வி – பதில்

வரவிருக்கும் ஆர்.பி.ஜி. கேம்களைப் (ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் விளையாடுபவை) பற்றியும் பழைய கேம்களின் ரீமேக்குகளைப் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்திருந்தன. நானும் அந்த ஊரில் வளர்ந்தவன் என்பதால், இந்த முறை அவற்றுக்கே முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமை மூன்று பாகங்களாகப் பிரித்து வெளியிடுவது பணத்துக்காகக் கதையை இழுக்கும் வேலை என்று தறிக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்றாம் பாகம் பழைய கதையைக் கெடுத்துவிடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன? – வாசகர், அம்மாப்பேட்டை

நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1997-இல் வெளிவந்த மூலக் கேமில் மிட்கார் நகரம் முதல் சில மணி நேரங்களிலேயே முடிந்துவிடும். 2020-இல் வந்த முதல் ரீமேக், அந்த ஒரு நகரத்தையே முழுக் கேமாக விரித்துவிட்டது. சுரங்கப் பாதைகளிலும் ஆய்வுக்கூடத்திலும் வீணாக நடக்கவிட்ட இடங்கள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தை நான் கொஞ்சம் நன்றாகவே அறிவேன். ஐந்து ரோடு அருகே ஒரு கடையில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து விளையாடிய காலம் அது. விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு அந்தக் கடையில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரயில் நிலையத்தில் நாயகன் கிளவுட் குதித்து இறங்கும் முதல் காட்சியிலிருந்தே தொடங்குவேன், நேரம் தீர்ந்ததும் எழுந்து வந்துவிடுவேன். அத்தனை முறை விளையாடியும், மேல்நகரத்தைத் தாங்கி நிற்கும் தட்டு இடிந்து, கீழே இருக்கும் ஏழாம் பிரிவுச் சேரியின் மேல் விழும்போது எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றியதில்லை. புதிய கேமில் கிளவுடின் தோழி ஜெஸ்ஸியின் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு அதே தட்டு விழுந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. நீளம் எங்கே தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

என்னுடைய சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. நாயகி ஏரித் இறக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெள்ளை மட்டீரியா என்னும் மந்திரக் கல் அவள் கூந்தலிலிருந்து நழுவி, படிகளில் துள்ளித் துள்ளி விழுந்து நீரில் மறையும். இசை அங்கேதான் தொடங்கும். அடுத்த நொடியே ஜெனோவா என்ற எதிரியுடன் சண்டை மூண்டாலும் அந்த இசை மாறாது; சண்டைக்கென்று இருக்கும் இசை அங்கே வரவே வராது. கட்டைவிரல் பொம்மைகளைப் போன்ற அந்த உருவங்களால் அழக்கூட முடியாத காலத்தில், துக்கம் முழுவதையும் அந்த மெட்டுதான் சுமந்தது. 2024-இல் வந்த இரண்டாம் பாகமான ‘ரீபர்த்’தில் முகங்களால் எல்லா உணர்ச்சியையும் காட்ட முடிகிறது. இருந்தும் அதே கணத்தில், அவள் இறந்தாளா பிழைத்தாளா என்று காட்சி இரண்டாகப் பிளந்து மின்னுகிறது. பின்னர் வரும் சண்டையோ பல கட்டங்களாக நீள்கிறது. சிதைந்துபோன கிளவுடின் மனத்தையே அது காட்டுகிறது என்று வாதிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அழ வேண்டிய நேரத்தில் நான் புதிர் விடுவித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகம் நமக்குப் பட்டிருக்கும் கடன் அதுதான்: அந்த இழப்பை இழப்பாகவே உணர்வதற்கு நமக்கு நேரம் கொடுக்க வேண்டும். 1997-இல் மூலக் கேமை இயக்கிய யோஷினோரி கிட்டாசேயே இன்றைய ரீமேக்குகளின் தயாரிப்பாளர். அன்று அந்த இசையை மாற்றாமல் விட்டவர்களுக்கு அதன் காரணம் தெரியாமல் இருக்காது என்பதுதான் என் நம்பிக்கை.

ரீமாஸ்டர், ரீமேக் இரண்டும் ஒன்றா? – மாணவர், ஓமலூர்

இல்லை, தம்பி. ரீமாஸ்டர் என்றால் கட்டடம் பழையது, பூச்சு புதியது. 2025 ஏப்ரலில் வந்த ‘ஒப்ளிவியன்’ ரீமாஸ்டரில் கண்ணுக்குத் தெரிவதை அன்ரியல் என்ஜின் 5 என்ற புதிய மென்பொருள் வரைகிறது. அடியில் 2006-ஆம் ஆண்டின் பழைய என்ஜின்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர் மக்களின் விசித்திரமான உரையாடல்கள்கூட அப்படியே இருக்கின்றன, ரசிகர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ரீமேக் என்றால் அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டுவது. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்த்திருப்பாய். 1941-இலேயே தமிழில் வந்துவிட்ட அலிபாபா கதையை 1956-இல் அந்த நிறுவனம் மறுபடியும் எடுத்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக. ஏன் மறுபடியும் என்று கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் தெளிவான காரணம் இருந்தது. ஒவ்வொரு ரீமேக் அறிவிப்பின்போதும் நான் முதலில் தேடுவது அப்படியொரு காரணத்தைத்தான்.

எனக்கு ‘பெர்சோனா 4’ உயிர். அதன் ரீமேக்கில் எதையாவது வெட்டிவிடுவார்களா? – வாசகி, ஏற்காடு

உங்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேமை விளையாடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நகரத்துப் பையன் ஒருவன் ஓராண்டு காலம் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்க, இனாபா என்ற சிற்றூருக்கு வருகிறான். அங்கே தொடர்மழைக்குப் பின் மூடுபனி இறங்கும் நாளில்தான் கொலை நடக்கும். ஆகவே தொலைக்காட்சியில் வானிலை அறிக்கையைப் பார்த்து, எத்தனை நாள் மிச்சம் என்று கணக்கிட்டபடியே நாம் விளையாட வேண்டும். ஐப்பசி மாதத்தில் ஏரிக்கரையே தெரியாமல் போகும் ஊரில் வாழும் உங்களுக்கு அந்தப் பதற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த ‘பெர்சோனா 3 ரீலோட்’, தோற்றத்திலும் சண்டை முறையிலும் மிக நேர்த்தியான ரீமேக். ஆனால் கையடக்கக் கருவியில் வந்த பதிப்பில் நாயகியாக விளையாடலாம் என்றிருந்த வழியை அது அடியோடு விட்டுவிட்டது. ‘தி ஆன்ஸர்’ என்னும் பின்கதையைத் தனியே விலை வைத்து விற்றது. பெண்ணாக அந்தக் கதைக்குள் நுழைந்து பழகிய வாசகியருக்கு அது சிறிய இழப்பன்று. 2008-இல் வந்த ‘பெர்சோனா 4’-க்கு, 2012-இல் வந்த ‘கோல்டன்’ பதிப்பு மாரி என்ற பாத்திரத்தையும் பல புதிய காட்சிகளையும் சேர்த்தது. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட ‘பெர்சோனா 4 ரிவைவல்’ அவற்றையெல்லாம் முதல் நாளிலேயே, கூடுதல் விலையின்றித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றபடி, சின்னப் பெண் நனாகோ தொலைக்காட்சி விளம்பரத்தோடு சேர்ந்து கடையின் பாட்டைப் பாடும் இடத்தில் யாரும் கைவைக்காமல் இருந்தால் போதும்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. இன்னும் வராத ஒரு கேமுக்கு முன்பதிவு செய்ய ஐந்தாயிரம் ரூபாய் கேட்கிறான். கொடுக்கலாமா? – தாயார் ஒருவர், சூரமங்கலம்

வேண்டாம், அம்மா. மகன் மீது கோபப்படவும் வேண்டாம். டிரெய்லர்கள் எப்படிப்பட்டவரையும் மயக்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. கடையில் விற்கும் பொருளைப் போல டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோவதில்லை, ஆகவே முந்திக்கொள்வதால் அவனுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ உலகமே எதிர்பார்த்த கேம். பிளேஸ்டேஷன் 4-இல் அது தடுமாறிய நிலையைக் கண்டு, சோனி நிறுவனம் பத்து நாள்களுக்குள் தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீண்டும் அது விற்பனைக்கு வர ஆறு மாதங்கள் ஆயின. 2023-இல் பெரிய அப்டேட் வந்த பிறகுதான் ரசிகர்கள் மனநிறைவோடு விளையாடினார்கள். அந்தக் கேமை உண்மையில் நன்றாக அனுபவித்தவர்கள் பொறுத்திருந்து வாங்கியவர்களே. ‘சைபர்பங்க்’கை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் இப்போது ‘விட்சர் 4’-ஐ உருவாக்குகிறது. 2026 முடிவதற்குள் அது வராது என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விட்சர் வரிசையின் முக்கியக் கேம்கள் வயது வந்தோருக்கானவை. மகன் கேட்கும் கேமின் உறையிலோ இணையக் கடைப் பக்கத்திலோ வயது வரம்பு போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் மலைக் கிராமத்தில் இணைய வேகம் மிகக் குறைவு. டிஸ்க் வாங்கினால் தப்பிக்கலாமா? – வாசகர், நாகலூர்

ஓரளவுக்கு முடியும். ‘ரீபர்த்’ போன்ற கேம் ஏறக்குறைய 150 ஜிபி இடத்தைப் பிடிக்கும். 10 எம்பிபிஎஸ் இணைப்பு இடைவிடாமல் கிடைத்தாலும் அதை இறக்க 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் மின்சாரம் போகாது என்று யாரால் சொல்ல முடியும்? பிளேஸ்டேஷன் 5-க்கு அந்தக் கேம் இரண்டு டிஸ்க்குகளில் கிடைப்பதால் பெரும் பகுதி வீட்டுக்கே வந்துவிடுகிறது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவி வாங்குவதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ‘கேம்-கீ கார்டு’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அந்தக் கார்டில் இருப்பது திறவுகோல் மட்டுமே. கேமை நீங்கள்தான் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். மலையில் வாழ்பவர்களுக்கு இது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மாற்றி மாற்றி அடிக்கும் டர்ன் பேஸ்டு சண்டை முறை செத்துவிட்டதா? – வாசகர், கொண்டலாம்பட்டி

இல்லவே இல்லை. 2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’, 2025-இல் ‘கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’. இரண்டும் அந்த முறையில் அமைந்தவை, இரண்டும் அந்தந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றவை.

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ எப்போது வரும்? – வாசகர், ஆத்தூர்

2018 ஜூனில் ஒரு மலைத்தொடரை மட்டும் காட்டிவிட்டுப் போனார்கள். தேதியோடு அறிவிப்பு வரும்வரை அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டாம்.

டோரியாமாவும் சுகியாமாவும் மறைந்த பிறகு ‘டிராகன் குவெஸ்ட் 12’ டிராகன் குவெஸ்டாக இருக்குமா? – வாசகர், அழகாபுரம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2021 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா காலமானார். ஓவியர் அகிரா டோரியாமா 2024 மார்ச்சில் மறைந்தார். எஞ்சி நிற்கும், இந்த வரிசையை உருவாக்கிய யூஜி ஹோரி, அந்த இருவரும் விட்டுச்சென்ற படைப்பாகவே இதைக் கருதுவதாகக் கூறியிருக்கிறார். தாமதம் ஏன் என்று நான் கேட்காமல் இருப்பது அதனால்தான். முதல் கேமுக்காக ஹோரி வரைந்து கொடுத்த ஸ்லைம், குவித்து வைத்த சேற்றைப் போலத்தான் இருந்தது. டோரியாமா அதை நீர்ச்சொட்டின் வடிவத்துக்கு மாற்றி, இரண்டு உருண்டைக் கண்களும் ஒரு சிரிப்பும் கொடுத்தார். 1986 முதல் அது நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாவது கேம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடப்போவது அந்தச் சிரிப்பைத்தான்.