தமிழ் படித்தவர் அறிவியல் துறையோடு சேர்ந்து ஆய்வு செய்ய முடியுமா? அதனால் பயன் உண்டா?

முடியும், பயனும் உண்டு. ஆனால் சேர்வதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேள்வியில் உங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் நேரம், மனதில் இருக்கும் தலைப்பில் கொஞ்சம் அறிவியலும் கலந்திருக்கிறது, துறையில் யாரோ "அதெல்லாம் சரிப்பட்டு வராது, பேசாம ஒரு நாவலாசிரியரை எடுத்துச் செய்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். சங்க இலக்கியத் தாவரங்களில்தான் என் வேலை. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தாவரவியல் துறையினர், நிதி கிடைத்த ஒரு கூட்டுத் திட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்கிற 99 பூக்களுக்கும் அறிவியல் பெயர் காண்பது நோக்கம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் கூட்டங்களில் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மேடம், இந்தப் பூ வர்ற பாட்டு ரெண்டு வரி குடுங்க." பெயர்ப் பொருத்தமெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். இன்று ஊரில் எந்தச் செடிக்கு அந்தப் பெயர் வழங்குகிறதோ அதுவே சங்ககாலப் பூ என்று எழுதிவிடுவார்கள். மேற்கோளுக்கு மட்டும் நான்.

ஒரு நாள் உந்தூழ் வந்தது. அதை மூங்கில் என்பார்கள். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. காந்தளோடும் குவளையோடும் அதையும் பறித்துப் பாறையில் குவித்ததாகப் பாட்டு சொல்கிறது. அப்படியானால் இது ஒரு பருவத்தில் கண்ணால் கண்ட பூக்களின் பட்டியலா, எல்லாப் பருவத்துப் பூக்களையும் கவிஞர் ஓரிடத்தில் தொகுத்ததா என்று கேட்டேன். தொகுப்பு என்றால் 'இந்த மாதத்தில் பூக்காது' என்ற காரணத்தைச் சொல்லி எந்தச் செடியையும் விலக்க முடியாதே! "அது இலக்கிய விஷயம் மேடம், அடுத்த பூவுக்குப் போவோம்" என்றார்கள். கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், தட்டச்சு செய்தவருக்கு அடுத்ததாக இருந்தது. ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அதுதான்.

சரி, இதைப் படிக்கும் தாவரவியல் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். உங்கள் துறையைக் குறை சொல்ல வரவில்லை. எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆய்வுத் துணையும் ஒரு தாவரவியல் ஆசிரியர்தான். பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர். நிதி கிடையாது, திட்டத்துக்குப் பெயர் கூடக் கிடையாது. முதல் சந்திப்பிலேயே, "மேடம், பாட்டோட பொருள் அப்புறம் சொல்லுங்க. பூவுக்கு முன்னாடி என்னென்ன அடை வருது, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு வேலை பிடிபட்டது. ஒரு எக்செல் கோப்பில் பாட்டு எண், நிலம், பொழுது, மரமா கொடியா, தண்டின் நிறம், பூவின் வடிவம், மணம் என்று பத்தி பிரித்து, ஒவ்வொரு அடைமொழியையும் அதற்குரிய கட்டத்தில் போட்டோம். குறுந்தொகை 3ஆம் பாட்டில் 'கருங்கோற் குறிஞ்சி' என்று வருகிறது. அந்தக் 'கருங்கோல்' (கரிய தண்டு) எனக்குச் சொல்லழகு, அவருக்கு அடையாளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் ஏராளம், எல்லாமே 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை அல்ல என்பதை அவரிடம்தான் கற்றேன்.

நாங்கள் அதிகம் சண்டை போட்டது கடம்புக்காக. திருமுருகாற்றுப்படையில் முருகன் மார்பில் புரளும் மாலையை 'பராரை மராஅத்து உருள்பூந் தண்தார்' என்கிறார் நக்கீரர். பருத்த அடிமரம் கொண்ட மராஅ மரத்தின் உருண்ட பூவால் கட்டிய குளிர்ந்த மாலை என்று பொருள். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையில் அந்த மரம் செங்கடம்பு என்று இருக்கிறது. இன்று செங்கடம்பு என்ற பெயரில் தாவரவியல் நூல்களில் இருப்பது பாரிங்டோனியா அக்யூடாங்குலா. நண்பர் அதன் ஹெர்பேரியத் தாளை, அதாவது செடியை உலர்த்தி ஒட்டிப் பாதுகாக்கும் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீளமான ஒரு சரம், அதில் காய்ந்து பழுப்பேறிய சின்னச் சின்னப் பூக்கள், தாளில் இடம் போதாமல் மடக்கி ஒட்டியிருந்தார்கள். உயிரோடு இருக்கையில் சிவப்புச் சரமாகத் தொங்கும், இரவில் விரிந்து காலையில் கொட்டிவிடும், நீர்க்கரையில் வளரும் என்றார். பக்கத்தில் அன்று பறித்த நியோலமார்க்கியா கடம்பாவின் பூ ஒன்று: மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் பந்து மாதிரி உருண்டை. மதுரைக் கோயிலின் தல மரம் இந்தக் கடம்புதான். "உங்க உரையாசிரியர் தப்பு மேடம். உருள்பூன்னா இதுதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உரையைத் திரும்ப எடுத்துப் படித்தபோது பதில் அங்கேயே இருந்தது. நச்சினார்க்கினியர் செங்கடம்பு என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, 'தேருருள் போலும் பூ' என்று வடிவத்தையும் சொல்கிறார். தொங்கும் சரத்தைப் பார்த்து யாரும் தேர்ச்சக்கரம் என்று சொல்லமாட்டார்கள். ஆக, உரையாசிரியர் மனதில் இருந்த மரம் இன்று நூல்களில் அந்தப் பெயர் தாங்கியிருக்கும் மரமே இல்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பெயர் இன்னொரு மரத்துக்குப் போயிருக்கிறது. தாவரவியல் நண்பர் பூவைக் கொண்டுவராமல் இருந்தால் நான் உரையை இவ்வளவு கூர்ந்து படித்திருக்கமாட்டேன். நான் இல்லாமல் இருந்தால் அவர் உரையாசிரியரைத் தப்பென்று எழுதிவிட்டுப் போயிருப்பார். கூட்டு ஆய்வு என்று நான் சொல்வது இதைத்தான். உரையாசிரியரைக் கேள்வி கேட்பதா என்று சிலர் என்மேல் பாய்வார்கள். பாயட்டும், அவரை மதிப்பதால்தான் வரி வரியாகப் படிக்கிறேன்.

இப்படிச் சேர்ந்து செய்வது புதுமையும் அல்ல. கீழடியில் எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரி ஆராய்ந்தது, காலத்தைக் கணிக்கக் கரி மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின, பானை ஓட்டில் இருந்த தமிழி எழுத்துகளைக் கல்வெட்டு தெரிந்தவர்கள் படித்தார்கள். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சுவடியியலும் சூழலியலும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன.

அப்புறம், பயன் உண்டா என்று கேட்டீர்கள். பணி உயர்வுக்கான பயன் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 நெறிமுறையைப் பார்த்துவிடுங்கள். இரண்டு பேர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அறிவியல் துறைகளில் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதுவது வழக்கம். நமக்கு அந்த 30தான் வரும். அதனால் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பெரியவர்களிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் மேற்கோளுக்கு மட்டும் என்ற இந்த மனப்பான்மை முதலாமாண்டு வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பகுதி ஒன்று தமிழ் உண்டு. இரண்டு துறைகளைச் சேர்த்து ஒரே அறையில் அடைப்பார்கள், மதியம் கடைசி மணிநேரம் கொடுப்பார்கள், செய்முறைத் தேர்வு வந்தால் முதலில் கடன் கேட்பது தமிழ் வகுப்பைத்தான். எம்.எஸ்ஸி. சேர்க்கையில் அந்த மதிப்பெண்ணைப் பல இடங்களில் கணக்கிலேயே எடுப்பதில்லை. தாவரவியல் படிக்கும் பிள்ளைக்குக் குறிஞ்சிப்பாட்டை ஒழுங்காக நடத்த விட்டிருந்தால், பின்னாளில் அந்தப் பிள்ளை தமிழ் ஆசிரியரிடம் மேற்கோள் மட்டும் கேட்டு வந்திருக்காது. எத்தனை முறை ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியும் கால அட்டவணை மாறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யுஜிசியின் 2022 முனைவர் பட்ட நெறிமுறை, பல்கலைக்கழக ஒப்புதலோடு வேறு துறையிலிருந்தும் இணை நெறியாளரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. "விதியில் இல்லை" என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள். பதிவுக்கு முன் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தையோ, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்தையோ அனுமதி கேட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டில் படித்த செடியைத் தாளில் பார்த்தால் தலைப்பு தானாகத் தெளியும்.

இணை நெறியாளரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. குறுந்தொகை 22ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அதில் 'வலஞ்சுரி மராஅத்து வேனில் அஞ்சினை' என்று வருகிறது. மலைச்சாரல், வேனில் காலம், வலப்புறம் சுரிந்த பூ, மணம். மேலே சொன்ன உருண்டைக் கடம்புக்கு இதில் மணம் தவிர மற்றவை சரியாகப் பொருந்தவில்லை. "அழகான வரி, முன்னுரையில் போட்டுக்கலாம்" என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "சுரியிறது இதழா, பூங்கொத்தா? வேற எந்தப் பாட்டுல வருது?" என்று கேட்டால் அவரிடமே சேருங்கள். இரண்டு பேருமாக அந்த மரத்தைக் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள். எங்கள் கோப்பில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.