கருத்தடை மாத்திரை: பாதியில் விட்டவர்களின் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். கருத்தடை மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "விட்டுட்டேன் அக்கா" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அரசு கொடுக்கும் தினசரி கருத்தடை மாத்திரை மாலா-என் ஆரம்பித்து ஒரு மாதம் ஆனது. காலையில் குமட்டல், இடையில் திட்டுத் திட்டாக ரத்தக் கசிவு. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: அவசரப்பட்டிருக்க வேண்டாம்மா. குமட்டலும் கசிவும் உடம்பு ஹார்மோனுக்குப் பழகும் வரைதான். பெரும்பாலும் மூன்றாவது அட்டை முடிவதற்குள் அடங்கிவிடும். ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள், குமட்டல் குறையும். அட்டையைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. சொல்லாமல் கொடுத்தால், ரத்தத்தைப் பார்த்ததும் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்கி வரும் கடுமையான தலைவலி என்றால் பொறுத்துப் பார்க்கவே கூடாது. அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களும், ரத்தக்கட்டு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

கேள்வி: மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் அட்டையை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்ததில் மூன்று நாள் எடுக்க முடியவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: இப்படி விட்டுப்போகிறவர்கள் நிறைய பேர். இதை மறதி என்று சொல்ல எனக்கு மனசு வராது. மாலா-என் அட்டையில் 28 மாத்திரை இருக்கும்: 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு வெறும் இரும்புச்சத்து, விட்டுப்போனாலும் கர்ப்பம் தரிக்காது. வெள்ளையில் ஒன்று விட்டால், நினைவு வந்ததும் அதைப் போட்டு, அன்றையதையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டிருந்தால், ஒன்றை உடனே போட்டுத் தினமும் தொடருங்கள். ஏழு நாளைக்கு ஆணுறை கட்டாயம். கடைசி வார வெள்ளையில் விட்டிருந்தால், வெள்ளை முடிந்ததும் பழுப்பைத் தொடாமல் புது அட்டைக்குப் போய்விடுங்கள். விட்ட நாட்களில் உறவு இருந்திருந்தால் ஐந்து நாளைக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ஒன்று. ஒளித்து வைத்துத்தான் போட வேண்டும் என்றால், தினசரி மாத்திரை உங்கள் வீட்டுக்குத் தோதான முறையே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அந்தரா, அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டில் ஒளிக்க ஒன்றும் இருக்காது.

கேள்வி: நாலு வருஷம் போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், குழந்தையே பிறக்காது என்கிறார்களே?

பதில்: இல்லவே இல்லை. நிறுத்தினால் சீக்கிரமே கருத்தரிக்க முடியும். இடையில் "ஓய்வு" கொடுக்கவும் தேவையில்லை. அந்த ஓய்வில்தான் பலர் கர்ப்பமாகிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வர இதே மாதிரி ஹார்மோன் மாத்திரை கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்தினால் பழைய பிரச்சினை திரும்பி வரும். பழி மாத்திரை மேல் விழுந்துவிடுகிறது.

கேள்வி: தாய்ப்பால் கொடுப்பதால் சாயா என்ற வேறு கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: சாயாவில் ஹார்மோன் கிடையாது, பாலுக்கும் பாதகம் இல்லை. தள்ளிப்போவது அதில் சகஜம். 15 நாளுக்கு மேல் போனால் மட்டும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இந்தக் கணக்கு மாறாமல் இருக்கட்டும்.

கேள்வி: டிபி மாத்திரை சாப்பிடுகிறேன், மாலா-என்னும் போடலாமா?

பதில்: அதை நம்ப வேண்டாம். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். டிபி மருந்தை நிறுத்தாதீர்கள். ஆணுறையோ காப்பர்-டியோ வைத்துக்கொள்ளுங்கள், மருந்து முடிந்து ஒரு மாதம் வரைக்கும்.

கேள்வி: கணவர் துபாயில். அவர் இல்லாதபோது எதற்கு என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் வருகிறார். வந்த அன்றைக்கு ஆரம்பித்தால் போதுமா?

பதில்: போதாதும்மா. அவர் வருவதற்கு முன் வரும் மாதவிடாயின் முதல் ஐந்து நாளைக்குள் ஆரம்பித்துவிடுங்கள், அன்றிலிருந்தே பாதுகாப்பு. அந்த நாட்கள் தவறிப்போனால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வேறொரு நாளிலும் ஆரம்பிக்கலாம். ஆனால் முதல் ஏழு நாளைக்கு ஆணுறை வேண்டும். அட்டையை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.