தெரிந்தவர் சொல்லும் ஆளை எடுக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஏசி பொருத்தித் திருத்தும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். ஹட்டனைச் சேர்ந்த எங்கள் மூத்த டெக்னீஷியன் தன் உறவினரையும் ஊரவரையும் ஒவ்வொருவராக அழைத்து வந்ததால், ஆள் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இப்போது அவர் கட்டாருக்குப் போக, மற்றவர்களும் அடுத்தடுத்து விலகிவிட்டனர். இனியும் தெரிந்தவர் சொல்லும் ஆளையே எடுப்பதா, பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதா?

பதில்: தெரிந்தவர் சொல்லி ஆள் எடுத்ததில் பிழையில்லை, எல்லோரையும் ஒருவரே சொல்லி எடுத்ததுதான் பிழை. ஒருவருடைய கைவேலையின் தரம் அவரோடு கூட நின்று வேலை செய்தவருக்கே தெரியும் என்பதால், பரிந்துரையை அடியோடு விட்டுவிட முடியாது. ஆனால் அது பல பக்கங்களிலிருந்து வர வேண்டும். நீங்கள் செப்புக் குழாயும் ஏசிக்கான குளிரூட்டும் காஸும் வாங்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வெக்கியூம் பம்புக்கு எண்ணெயைத் தவறாமல் வாங்குபவர் யார், தேவையில்லாமல் கம்பிரஸரை மாற்றுபவர் யார், கடனை ஒழுங்காகத் தீர்ப்பவர் யார் என்பதெல்லாம் அங்கு நிற்பவருக்கு அத்துப்படி. (தனக்குக் கடன் வைத்திருப்பவரையே உங்களிடம் அனுப்பி, உங்கள் சம்பளத்தில் வசூலிக்க நினைக்கும் முதலாளிமாரும் உண்டு, ஆகவே ஒரு கடையோடு நிறுத்திவிட வேண்டாம்.)

"ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல பிள்ளை" என்ற பதில்தான் வரும். இருவரும் எங்கே, எவ்வளவு காலம் சேர்ந்து வேலை செய்தார்கள், தன் சொந்த வீட்டு ஏசியைத் திருத்த இவரைத் தனியே விடுவாரா என்று கேளுங்கள். பரிந்துரைத்தவருக்குச் சன்மானம் கொடுப்பதானால், பாதியை ஆள் சேரும்போதும் மீதியைத் தகுதிகாண் காலம் முடிந்த பின்பும் கொடுப்பது நல்லது.

யார் அனுப்பியவரானாலும், ஒரு நாள் கூலி கொடுத்து வேலை வாங்கிப் பார்த்தே எடுக்க வேண்டும். ஒரு துண்டு செப்புக் குழாயைக் கொடுத்து, வெட்டி வாயை விரிக்கச் சொல்லுங்கள். கைதேர்ந்தவர் பிசிறை அகற்றும்போது, செப்புத் துகள் உள்ளே விழாதபடி குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பார். விரிப்பதற்கு முன்பே நட்டைக் குழாயில் மாட்டிவிடுவார். பழகாதவரோ வாயை அழகாக விரித்து முடித்த பிறகே நட் மேசையில் கிடப்பதைக் காண்பார். அடுத்து, குழாயிலுள்ள காற்றை எப்படி வெளியேற்றுவார் என்று கேளுங்கள். கொஞ்சம் காஸை விட்டுத் தள்ளிவிடலாம் என்பவரை எடுக்க வேண்டாம். உள்ளே தங்கும் ஈரம் காலப்போக்கில் கம்பிரஸரைக் கெடுத்துவிடும் என்பதை அறிந்து, பம்ப் போட்டு வெற்றிடமாக்கி, அதை நிறுத்திய பின்னும் அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்ப்பவரே உங்களுக்குத் தேவையானவர்.

பத்திரிகை வரிவிளம்பரமும் பேஸ்புக் அறிவிப்பும் உதவியாளர்களைத் தேடப் போதும். நீண்டகாலத்துக்கு, தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும் பயிலும் இளைஞர்களைப் பயிலுனர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வீடு வீடாகப் போகும் வேலை என்பதால், சிங்களமும் பேசத் தெரிந்தவரா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

கட்டார் சம்பளத்தோடு உங்களால் போட்டியிட முடியாது. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான 12 வீதத்தையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதத்தையும் முதல் மாதத்திலிருந்தே கட்டுபவர் என்ற பெயரை எடுக்க முடியும். "மூன்று மாதம் போகட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவது சட்டத்துக்கும் புறம்பானது.

கேள்வி: நண்பர் அனுப்பிய எலக்ட்ரீசியனிடம் சான்றிதழ் கேட்டால் நண்பர் மனம் நோகுமே? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தாராளமாகக் கேளுங்கள், வயரிங் பிழைத்தால் நோவது மனம் மட்டுமல்ல. தேசிய தொழில் தகைமையின் ஏழு நிலைகளில் முதல் நான்கும் சான்றிதழ் நிலைகள். அவற்றுள் நான்காம் நிலை பெற்றவரிடம் வேலையைத் தனியே ஒப்படைக்கலாம். பாடசாலையை இடையில் விட்டுத் தொழிலை வேலைத்தலத்திலேயே கற்றவர்களும், முன்கற்றலை மதிப்பிடும் முறையின் கீழ் தங்கள் திறமையைச் செய்து காட்டி இதே சான்றிதழைப் பெறலாம். எனவே, நண்பர் அனுப்பியவர் கெட்டிக்காரராக இருந்தும் கையில் சான்றிதழ் இல்லாவிட்டால், இந்த வழியை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.