ஜனாதிபதி கையெழுத்திட்டாலே சட்டம் அமலுக்கு வந்துவிடுமா?

"2024 மே மாதம் ஜனாதிபதி ரமபோசா கையெழுத்திட்டார், அப்படியானால் தென்னாப்பிரிக்காவின் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் அமலில் இருக்கிறது என்று எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்தை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது. அமலுக்கு வரும் தேதியை ஜனாதிபதி தனியாக ஒரு பிரகடனத்தில் அறிவிக்க வேண்டும்.

கையெழுத்தைப் பற்றி நீங்கள் பார்த்த செய்தி அநேகமாக ஒப்புதல் அறிவிப்பு, அதாவது ஜனாதிபதி சட்டத்துக்குச் சம்மதம் தந்தார் என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு. அதுவும் அரசிதழில்தான் வரும், அதனால் குழப்பம் சகஜம். அந்நாட்டு அரசியலமைப்பின் 81-ஆம் பிரிவுப்படி, சட்டம் வெளியான அன்றே நடைமுறைக்கு வரும். சட்டமே வேறு வழி சொல்லியிருந்தால் அதன்படி. இது இரண்டாவது ரகம்.

சரிபார்க்க:

1. சட்டத்தின் கடைசிப் பிரிவைப் படியுங்கள். தொடக்கம் பற்றிய விதி அங்கேதான் இருக்கும்.
2. '2023-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம்' என்று குறிப்பிடும் பிரகடனம் அரசிதழில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் எந்தெந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். பிரிவுக்குப் பிரிவு தேதி மாறலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரகடனமே தவறாக வெளியானதும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் 36 முதல் 40 வரையிலான பிரிவுகளை அப்போதைய ஜனாதிபதி ஜூமா 2014 ஏப்ரல் 1 முதல் அமலாக்கிவிட்டார். அந்தப் பிரிவுகளின்படி, மருத்துவமனை, கிளினிக் நடத்த 'தேவைச் சான்றிதழ்' (அங்கே அந்தச் சேவை தேவை என்று அரசு தரும் அனுமதி) வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் என்றிருந்தது. ஆனால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க விதிமுறைகளே அப்போது தயாராகவில்லை! தவறு நடந்துவிட்டது என்று ஜனாதிபதியே நீதிமன்றம் போனார். 2015-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரகடனத்தை ரத்து செய்தது. ஆகவே பிரகடனம் கிடைத்தாலும், பின்னால் ரத்தானதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.