எந்தக் கிழமை?

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மதுரைக்காரி. இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வந்தேன். இன்னும் பதினாறு நாளில் ஊர் திரும்புகிறேன். அதற்குள் பார்க்காத இடமெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஓட்டத்தில் போன வாரம் இரண்டு நாள் திருகோணமலையில் இருந்தேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி பார்த்தாயிற்று. புறாத்தீவுக்குப் படகு விடவில்லை, கடல் சரியில்லை என்றார்கள். கோட்டைக்குள் ஒரு மான் என் பையிலிருந்த பிஸ்கட்டைக் கவரோடு இழுத்துக்கொண்டு போனது. தங்கிய வீட்டு அன்ரி காலையில் "வெளிக்கிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டபோது வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். "கிளம்பியாச்சா" என்பதுதான் அது என்று பிறகு புரிந்தது. இரண்டாம் நாள் விடிகாலை நாலரை மணிக்குத் தெருவில் சங்கும் சேகண்டியும் கேட்டது. பக்கத்தில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று போர்வைக்குள்ளேயே கிடந்தேன். விடிந்தபின் கேட்கவும் சங்கடமாக இருந்தது.

என் கேள்வி இதுதான். என் தோழி ஒருத்தி இதே செமஸ்டரை ஜெர்மனியில் முடிக்கிறாள். மொழி தெரியாமல் திண்டாடி, பனியில் வழுக்கி விழுந்து, தனியே சமைத்து, "நான் வேறு ஆளாகிவிட்டேன்" என்கிறாள். நானோ தமிழ் பேசும் ஊருக்கு வந்து, ஆட்டோக்காரரிடம் விஜய் படம் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புகிறேன். வெளிநாட்டில் படித்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்த செமஸ்டரை வீணாக்கிவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் அந்தச் சங்கு. யாரும் சாகவில்லை. நீங்கள் வந்து நின்றது திருவெம்பாவை நாட்களில். மார்கழித் திருவாதிரையோடு முடியும் பத்து நாளும் இங்கே கோயில்களில் விடியற்காலைப் பூசை நடக்கும். அதற்கு முன்னால் பொடியன்கள் கூடிச் சங்கூதி, சேமக்கலம் தட்டி, தெருத்தெருவாக ஊரை எழுப்பிக்கொண்டு போவார்கள். உங்கள் சேகண்டிதான் இங்கே சேமக்கலம். செத்தவீட்டிலும் அதைத் தட்டுவது உண்டு, ஆகவே நீங்கள் பயந்ததில் பிழையில்லை. ஆனால் ஒன்றை நினைத்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மாணிக்கவாசகர் உங்கள் ஊர்க்காரர், திருவாதவூர் மதுரைக்குப் பக்கம்தானே. திருவெம்பாவையோ தூக்கத்தை விடாத பெண்ணைத் தோழிமார் வாசலில் நின்று எழுப்புகிற பாட்டு. உங்கள் ஊர்க்காரர் பாட்டோடு ஆட்கள் எழுப்ப வந்தபோது நீங்கள் போர்வையை இன்னும் இழுத்து மூடியிருக்கிறீர்கள்.

சரி, பகிடி போதும். ஜெர்மனியில் உங்கள் தோழிக்கு நாலரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டிருந்தால், விடிந்ததும் யாரையாவது பிடித்துக் கேட்டிருப்பாள். தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். உங்களுக்கு அது தெரிந்த சத்தம். தெரிந்த சத்தத்துக்கு யார் விளக்கம் கேட்பார்கள்? இங்கே உங்களுக்கு வந்த கஷ்டம் அதுதான், என் கணக்கில் அது பனியைவிடப் பெரிய கஷ்டம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1979இல் ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னைக்குப் போனேன். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேசுவரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல், பிறகு மறுபடி ரயில். திருவல்லிக்கேணியில் அறை. முதல் மாதமே துணி தேய்ப்பவரோடு சண்டை வந்தது.

"காசு வாற கிழமை தாறன்."

"எந்தக் கிழமை?"

"வாற கிழமை."

"அதான் தம்பி கேக்குறேன், எந்தக் கிழமை?"

அவருக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். எனக்கு ஏழு நாளும் சேர்ந்தது ஒரு கிழமை, நீங்கள் வாரம் என்கிறீர்களே, அது. நான் அவரைக் கிண்டல் பண்ணுவதாக அவர் நினைத்தார். நாலு ரூபாய்க்காக என்னை நடுத்தெருவில் வைத்து அவமானப்படுத்துகிறார் என்று நான் நினைத்தேன். மிச்ச ஐந்து மாதமும் அந்த மனிசனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தெலுங்குக்காரராக இருந்திருந்தால் கையைக் காலைக் காட்டி ஐந்து நிமிடத்தில் தீர்த்திருப்போம். கடைசி இரண்டு கிழமையும் நானும் உங்களைப் போலவே ஓடினேன். தஞ்சாவூர், மதுரை, கன்னியாகுமரி. மதுரையில் இப்போது நினைவிருப்பது பஸ் நிலையத்தில் குடையைத் தொலைத்தது மட்டும்தான். கிழமை விஷயம் விளங்கியதே ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்து, உங்கள் ஊர் வார இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது. அந்த மனிசரிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போனவர்கள் எல்லோரும் என்னைப் போல மக்கு இல்லை. தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னைக்குப் போய்ப் படித்து, அங்கேயே மாநிலக் கல்லூரியில் நூலகராகவும் இருந்தவர். 1895இல் அவருடைய 'மோகனாங்கி' அச்சானது. தமிழின் முதல் வரலாற்று நாவல் அதுதான் என்பார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துவிட்டுப் போன மலையைப் பார்த்து வளர்ந்த மனிதர், எழுதியது என்னவோ உங்கள் பக்கத்து நாயக்கர் காலக் கதை. தமிழ்தானே, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்று இருந்திருந்தால் அந்த நாவல் வந்திருக்காது.

புறாத்தீவுக்குப் போகக் கிடைக்கவில்லை என்ற கவலையை விடுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் கடல் வாடைக்காற்றின் கையில். வைகாசி பிறந்தால் ஆவணி வரை அதே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் என்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி, அதாவது கரையில் தற்காலிகக் குடிசை, போட்டுத் தொழில் செய்வார்கள். காற்று மாறியதும் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்களும் வருடாவருடம் ஒரு செமஸ்டர் வந்து போகிறவர்கள்தான். நிலாவெளியில் கரையேற்றிக் கிடந்த வள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள், படமும் எடுத்திருப்பீர்கள். ஏன் எல்லாம் கரையில் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவர் ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பார்.

ஓட்டோக்காரரின் விஜய் படக் கதையைக் குறைவாக எண்ண வேண்டாம். அது பிளேன்ரீ, பால் விடாத தேநீர், மாதிரி. இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் எடுத்து வைப்போம். அதைக் குடித்து முடித்தபின்தான் மற்றக் கதை. நீங்கள் குடித்துவிட்டு இறங்கிவிட்டீர்கள். அதற்காக, அடுத்த முறை போரைப் பற்றியும் சுனாமியைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். வந்து இறங்கியதும் அதையே முதல் கேள்வியாகக் கேட்கிற கெமராக்காரர்களைப் பார்த்து நாங்கள் களைத்துவிட்டோம். மீன் விலை கேளுங்கள். கொஞ்சம் பழகினால், இந்த வீடு எப்போது கட்டியது என்று கேளுங்கள். எங்களூரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால் (பார்த்தீர்களா, அந்தச் சொல்தான்) மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

தோழி வேறு ஆளாகிவிட்டது பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஒரு செமஸ்டரில் வேறு ஆளானவர் யாரையும் நான் கண்டதில்லை. பனியில் வழுக்கி விழுந்தால் இடுப்பு வலிக்கும், அதை நம்புகிறேன்.

பதினாறு நாள் இருக்கிறது. உங்கள் பட்டியலில் யாழ்ப்பாணம், எல்ல, காலி என்று ஊர்கள் மிச்சம் இருக்கும், எல்லாவற்றுக்கும் போங்கள். ஆனால் உங்கள் பேராதனைக்குப் பக்கத்துக் கண்டியிலிருந்து இங்கே நேர் பஸ்ஸும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அதே அன்ரி வீட்டுக்கு வந்து, அந்தச் சங்கு என்ன சங்கு என்று அவரிடமே கேளுங்கள். நான் முதலே சொல்லிவிட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், அவரிடம் என்னைவிட நிறையக் கதை இருக்கும். பின்னேரம் இங்கே வீட்டுக்கும் வரலாம், மனைவி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மான் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வரும் வழியில் கந்தளாயில் ரோட்டோரக் கடைகளில் சட்டித் தயிர் விற்பார்கள், எருமைத் தயிர். ஒரு சட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், பஸ் குலுக்கும். அதில் விட்டுச் சாப்பிடக் கித்துள் பாணி, கித்துள் பனையின் பாகு, எங்கள் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்