கடலோரத்தில் தளம் போட வாடகை மிக்ஸர்: போர் தண்ணீர் ஊற்றலாமா, மூட்டைக்கு என்ன அளவு?

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில், கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டுகிறோம். மாடித் தளத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கலக்கும் காங்கிரீட் மிக்ஸர் வாடகைக்குப் பேசியிருக்கிறோம். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது, ஊற்றலாமா? எந்த அளவில், எந்த வரிசையில் போடுவது?

பதில்:

கரிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு) இருக்கக் கூடாது என்கிறது இந்தியக் காங்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. நாக்குக்கே கரிப்பு தெரிந்தால் அந்த எல்லை பக்கத்தில்தான் இருக்கும், தாண்டியும் இருக்கலாம். கரைந்திருப்பதை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுங்கள். இல்லையென்றால் லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள். அறுபது மூட்டைத் தளமானாலும் கலவைக்கு ஆவது 1,350 லிட்டர்தான். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கடலோரக் காற்று படும் காங்கிரீட்டுக்கு அதே விதிநூல் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலு கூடும்) கேட்கிறது: கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டாவது வேண்டும், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது (50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்), கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், 45 மி.மீ. கொத்தனார்கள் பழக்கமாகச் சொல்லும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) என்பது எம்20 கணக்கு, இங்கே அது ஆகாது. எம்30-க்கு உங்கள் எம்-சாண்டையும் (கல் உடைத்த மணல்) ஜல்லியையும் லேபில் கொடுத்து மிக்ஸ் டிசைன், அதாவது கலவை அளவுப் பட்டியல், வாங்க வேண்டும். மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கொடுப்பார்கள். ஒருமுறை எடை போட்டு, அந்த மட்டத்தில் மரப்பெட்டியில் கோடு போட்டுவிடுங்கள். உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. உள்ள பெட்டி 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்டின் கன அளவு. சட்டிக் கணக்கு வேண்டவே வேண்டாம்; ஒருவர் குவித்துப் போடுவார், இன்னொருவர் தலைதட்டிப் போடுவார்.

அளவு கெடும் முக்கியமான இடம் ஈர மணல். ஈரமான மணல் உப்பிக்கொள்ளும்; பெட்டி நிறைந்திருந்தாலும் உள்ளே மணல் குறைவாக இருக்கும். கண்ணாடி ஜாடியில் 200 மி.மீ. உயரத்துக்கு ஈர மணலைத் தளர்வாக நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடங்க விடுங்கள். 160-க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பல். பெட்டிக் கணக்கில் அந்த அளவு மணலைக் கூட்ட வேண்டும். 90 கிலோ மணலில் ஐந்து சதவீத ஈரம் என்றால் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அப்போது மூட்டைக்கு 22.5 லிட்டர் ஊற்றாமல் 18 ஊற்றினால் போதும்.

மிக்ஸர் ஓட்டுகிறவர் “கெட்டியா இருக்குண்ணே” என்று ஐந்து லிட்டர் கூட ஊற்றினால் 0.45 என்பது 0.55 ஆகிவிடும். வலுவும் போகும், உப்பு இறங்க வழியும் திறக்கும். இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து) போடுங்கள்: டப்பாவில் எழுதிய அளவு, கடைசித் தண்ணீரில் கரைத்து. கால்சியம் குளோரைடு கலந்த எதுவும் ஆகாது. வைப்ரேட்டர் போடுவதானால் தளத்துக்கு 75 முதல் 100 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை சரியும் உயரம்) போதும்.

வரிசை இப்படி: டிரம் சுற்றும்போதே கொஞ்சம் தண்ணீர், பிறகு பாதி ஜல்லி. அது உள்ளே ஒட்டியதைக் கழுவிவிடும். அடுத்து மணல், சிமெண்ட், மீதி ஜல்லி, கடைசியில் மீதித் தண்ணீர். ஹாப்பர் (பொருளைக் கொட்டித் தூக்கும் தொட்டி) உள்ள மெஷின் என்றால் அடியில் ஜல்லி, நடுவில் சிமெண்ட், மேலே மணல். காற்றடிக்கும் நாளில் சிமெண்டை மேலே கொட்டினால் கால்வாசி பக்கத்து வீட்டுக்குத்தான். எல்லாம் விழுந்த பிறகு முழுதாக இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். முதல் டிரம்மில் சாந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும் ஜல்லியைக் கொஞ்சம் குறையுங்கள். வாடகைக்கு எடுக்குமுன் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: பிளேடு தேய்ந்தோ, பழைய காங்கிரீட் மண்டியோ இருந்தால் அந்த மெஷின் கலக்காது, உருட்டும்.

கடல் மணலைத் தொடவே வேண்டாம். உப்பும் சிப்பியும் இருக்கும், ரொம்ப நைசாகவும் இருக்கும். எம்-சாண்ட் குவியலில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் கடற்கரை மணலுக்கும் தார்ப்பாய்தான் தடுப்பு. கட்டிய கம்பியில் படிந்த உப்பைக் காங்கிரீட் போடுமுன் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். சிமெண்டில் பி.பி.சி. (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) குளோரைடை நன்றாகத் தாங்கும். ஆனால் நிதானமாக வலுப்பெறும். அதற்குப் பத்து நாளாவது, முடிந்தால் பதினாலு நாள் தண்ணீர் கட்டுங்கள். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். போர் தண்ணீர் வெயிலில் காயக் காய உப்பைத் தளத்திலேயே விட்டுவிட்டுப் போகும்.