நம் மனசாட்சி நம்முடையதா, நாம் வளர்ந்த கலாச்சாரத்துடையதா?

எது சரி, எது தப்பு என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதே, அது நம்முடையதா, கலாச்சாரம் ஊட்டியதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஊட்டியதுதான் என்பது என் எண்ணம். ஆனால் கதை அதோடு முடிவதில்லை.

சீனாவில் பெண் குழந்தைகளின் பாதங்களைக் கட்டும் வழக்கம் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இருந்தது. ஐந்தாறு வயதில், கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளத் துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். எலும்பு முறியும், சில சமயம் சீழ் பிடிக்கும், அப்போதும் துணியை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டியது யார்? பெரும்பாலும் அம்மா, பாட்டி. அதே வலியைத் தாங்களே பட்டவர்கள். பாசம் இல்லாமல் செய்யவில்லை. கட்டாமல் விட்டால் மகளுக்கு நல்ல இடம் அமையாதே என்ற பயம். மகளின் அழுகைக்கு மனம் இளகி விட்டுவிட்டிருந்தால்தான் அந்த அம்மாவுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பாசம் என்று நம்பி நான் செய்கிறவற்றில் எது இப்படிப்பட்டதோ?

சரி, ஒரு செயலுக்கு என்ன அர்த்தம் என்பதும் இப்படித்தான் அமைகிறது. ஆய்வாளர்கள் நடத்தும் ஒரு ஆட்டம் உண்டு: ஆய்வாளர்கள் கொடுத்த பணத்தில் ஒருவர் ஒரு பங்கை மற்றவருக்கு நீட்டுவார், அந்த மற்றவர் மறுத்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. பப்புவா நியூ கினியின் அவ், க்னாவ் சமூகங்களில் பாதிக்கும் மேலே நீட்டியபோதுகூடச் சிலர் வேண்டாம் என்றார்கள். அங்கே பெரிய பரிசை வாங்கிக்கொண்டால் கொடுத்தவருக்குக் கடன்பட்டுக் கிடக்கவேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் எல்லாமே அவரவர் கலாச்சாரம், யாரும் எதையும் தப்பு சொல்லக்கூடாது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. முறிந்த எலும்பு எந்தக் கலாச்சாரத்திலும் வலிக்கத்தான் செய்யும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஷனரிகளும் சீனச் சீர்திருத்தக்காரர்களும் பாதம் கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சங்கங்கள் தொடங்கினார்கள். சேர்ந்த குடும்பங்கள் இரண்டு சத்தியம் செய்தன: மகளுக்குக் கட்டமாட்டோம், கட்டிய பாதமுள்ள பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம். அந்த இரண்டாவது சத்தியம்தான் பயத்தின் வேரிலேயே கை வைத்தது. 1912இல் புதிய குடியரசு தடையும் போட்டது. அப்புறமும் உள்ளூர்களில் பல வருஷம் நீடித்தது என்றாலும், கடைசியில் ஒழிந்தது.

சத்தியம் செய்த அந்தப் பெற்றோரில் பலரும், கட்டிய பாதங்களோடு நடந்த அம்மாக்களின் கையில் வளர்ந்தவர்கள்தான்.